உடல் தருவது தனிவட்டியே: ஐந்து கிலோமீட்டரிலிருந்து பத்துக்கு

“என் பணம் எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும்?” வைப்புப் பிரிவில் அமர்ந்திருப்போர் அன்றாடம் எதிர்கொள்ளும் கேள்வி இது. விடை கூற எங்களுக்குக் கணிப்பான் தேவைப்படுவதில்லை. 72 என்னும் எண்ணை வட்டி விகிதத்தால் வகுத்தால் போதும். 6 விழுக்காடு எனில் 12 ஆண்டுகள். 8 விழுக்காடு எனில் 9 ஆண்டுகள். கூட்டுவட்டியின் வேகத்தை விரல்விட்டு எண்ண உதவும் இந்த ‘72 விதி’யை வணிகவியல் பயின்றோர் அனைவரும் அறிவர்.

சென்ற ஆண்டு இதே கேள்வியை எங்கள் கால்களைக் குறித்து நாங்களே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. பெங்களூருக் கிளையொன்றில் பணிபுரியும் நாங்கள் ஐவர், ஒன்பது வாரத் தொடக்கநிலை ஓட்டப் பயிற்சியை முடித்திருந்தோம். ஐந்து கிலோமீட்டர் கைவசமாகிவிட்டது, அடுத்து பத்து. எத்தனை நாளில் இரட்டிப்பாக்கலாம்? அதற்கு அன்று நாங்கள் கண்ட விடை தவறானது. அத்தவற்றின் விலையை எங்களுள் ஒருவர் மட்டும் செலுத்தினார் என்பது இன்றும் எங்களை உறுத்துகிறது. அதே இடத்தில் நிற்கும் வாசகர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் நாங்கள் கற்றதை இங்கே தொகுத்தளிக்கிறோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

நாங்கள் பின்பற்றிய பயிற்சித் திட்டம் உலகெங்கும் பலர் அறிந்ததே. ஜோஷ் கிளார்க் என்னும் அமெரிக்கர், ஐம்பது வயதைக் கடந்த தம் தாயாரையும் மனத்தில் கொண்டு, 1996ஆம் ஆண்டில் அதை வகுத்தார். வாரத்தில் மூன்று நாள். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ அரை மணி நேரம். முதல் வாரத்தில் 60 நொடி ஓட்டமும் 90 நொடி நடையும் மாறி மாறி வரும். ஒன்பதாம் வாரத்தில் நடையே இன்றி 30 நிமிடம் ஓட இயலும். பிரிட்டனின் தேசிய நலவாழ்வுச் சேவையும் இம்முறையைத் தன் மக்களுக்குப் பரிந்துரைத்து வருகிறது.

ஒன்பதாம் வாரம் முடிந்ததும் எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லத் தேவையில்லை. பள்ளி நாள்களுக்குப் பின் ஓடியே அறியாத நாற்பது வயதினர் நாங்கள். அடுத்த ஞாயிறு காலை கப்பன் பூங்காவில் கூடினோம். “மூச்சு வாங்கவில்லையே, இன்னும் ஒரு சுற்று போவோம்” என்றார் ஒருவர். அந்த ஒரு சுற்று இரண்டாயிற்று. கைக்கடிகாரம் பத்துக் கிலோமீட்டரைக் காட்டியபோது கைதட்டிக்கொண்டோம், படம் எடுத்துக்கொண்டோம், சிற்றுண்டிச் சாலையில் மசால் தோசையுடன் கொண்டாடினோம்.

செவ்வாய்க்கிழமை எங்கள் காசாளர் அம்மையார் சற்று நொண்டியபடி கிளைக்கு வந்தார். கணைக்கால் எலும்பின் உட்புறம் வலி. “சரியாகிவிடும், ஓடினால் இளகிவிடும்” என்று அவரைத் தேற்றி வியாழனன்றும் ஓட அழைத்தவர்கள் நாங்கள்தாம். அதற்கடுத்த ஆறு வாரங்கள் அவரால் ஓட இயலவில்லை. முதல் மூன்று வாரங்கள் நடைப்பயிற்சிக்கும் தடை. எங்களுள் நால்வர் விளையாட்டாக ஓடத் தொடங்கியவர்கள். அவரோ இரத்தச் சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டதால், மருத்துவரின் அறிவுரைப்படி தொடங்கியவர். ஓட்டம் யாருக்கு மிகத் தேவைப்பட்டதோ அவரிடமிருந்தே அதைப் பறித்துவிட்டோம்.

தொடக்க இருப்பு எவ்வளவு?

கணக்கில் நேர்ந்த முதல் பிழை தொடக்க இருப்பிலேயே இருந்தது. திட்டத்தின் பெயரில் ஐந்து கிலோமீட்டர் இருக்கிறது; ஆனால் அது உண்மையில் கொண்டுசேர்ப்பது 30 நிமிட ஓட்டத்திற்கு. அரை மணியில் ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டுமெனில் ஒரு கிலோமீட்டரை 6 நிமிடத்தில் கடக்க வேண்டும். புதிதாக ஓடுவோர் பலர் 7 முதல் 8 நிமிடம் எடுத்துக்கொள்வர். அவ்வகையில் 30 நிமிடத்தில் அவர்கள் ஓடுவது 4 கிலோமீட்டருக்குச் சற்று முன்பின்தான்.

பின்னர் பழைய பதிவுகளைப் புரட்டியபோது, காசாளர் அம்மையார் அதுவரை ஒரே மூச்சில் ஓடிய மிக நீண்ட தொலைவு 4.2 கிலோமீட்டர் என்று தெரிந்தது. அன்று அவர் பாய்ந்தது ஐந்திலிருந்து பத்துக்கு அன்று, நான்கேகாலிலிருந்து பத்துக்கு. ஏறத்தாழ இரண்டரை மடங்கு.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதற்பணி இதுதான்: கடந்த 30 நாள்களில் ஒரே ஓட்டமாக நீங்கள் கடந்த மிக நீண்ட தொலைவு எது என்று பாருங்கள். அதுவே உங்கள் இருப்பு. கல்லூரி நாளில் ஓடியதும், சென்ற ஆண்டு ஓடியதும் முடிவடைந்த கணக்குகள். அவற்றின் மேல் இன்று காசோலை எழுத முடியாது.

பத்து விழுக்காடு: எதன்மீது?

ஓட்டக்காரர்களிடையே நெடுங்காலமாக வழங்கும் அறிவுரை ஒன்றுண்டு. வாரம் முழுதும் ஓடும் மொத்தத் தொலைவை, முந்தைய வாரத்தைவிடப் பத்து விழுக்காட்டிற்கு மேல் கூட்டக் கூடாது என்பது அது. கேட்பதற்கு எங்களைப் போன்ற வங்கியாளர்களுக்கு மிகவும் பிடித்த விதி. ஆயினும் ஆய்வு மேசைக்குச் சென்றபோது அது எதிர்பார்த்த அளவு தேறவில்லை. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் 532 புதிய ஓட்டக்காரர்களை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் பத்து விழுக்காட்டு விதிப்படி 13 வாரம் மெதுவாக முன்னேறினர். மற்றவர் 8 வாரத்தில் விரைவாக. இரு பிரிவிலும் ஐவரில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டது. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அப்படியாயின் பத்து விழுக்காடு வெறும் பழக்கச் சொல்லா? 2025இல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்’ இதழில் வெளியான ஆய்வு இதற்குத் தெளிவு தந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களை 18 மாதங்கள் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. வார மொத்தம் கூடுவதற்கும் காயத்திற்கும் எதிர்பார்த்த தொடர்பு அதில் புலப்படவில்லை. தொடர்பு புலப்பட்டது வேறோர் இடத்தில்: ஒரு தனி ஓட்டம், அதற்கு முந்தைய 30 நாள்களின் மிக நீண்ட ஓட்டத்தைப் பத்து விழுக்காட்டிற்கு மேல் தாண்டும்போது காயத்தின் வாய்ப்பு கூடியது. இரு மடங்கிற்கு மேல் பாய்ந்த ஓட்டங்களில் அவ்வாய்ப்பும் இரு மடங்கைக் கடந்தது.

இது கவனிப்பின் வழி கண்ட தொடர்பு. ஒவ்வொரு காலுக்கும் எழுதிக்கொடுத்த உறுதிமொழி அன்று. எனினும் எங்கள் ஞாயிற்றுக்கிழமையை இதைவிடத் துல்லியமாக எவரும் விளக்க முடியாது. வாரக் கணக்கில் நாங்கள் பெரிய குற்றம் செய்துவிடவில்லை. ஒரே நாளில் செய்ததே குற்றம்.

மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

அன்று எங்களை ஏமாற்றியது மூச்சு. பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்மப் பகுதி கூடுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை அனுப்புகிறது. அதனால் மூன்றாம் வாரம் மலையாகத் தோன்றிய தொலைவு ஒன்பதாம் வாரம் எளிதாகிவிடுகிறது. “மூச்சு வாங்கவில்லையே” என்று சொல்ல வைப்பது இந்த வளர்ச்சிதான்.

எலும்பும் தசைநாணும் அவ்வளவு விரைந்து வளர்வதில்லை. புதிய சுமையை உணர்ந்த எலும்பு, பழைய வீட்டைப் புதுப்பிக்கும் கொத்தனாரைப் போல, முதலில் இடிக்கிறது; பிறகே கட்டுகிறது. தேய்ந்த பகுதியை அரித்தெடுக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். அவ்விடத்தில் புது எலும்பைக் கட்டி இறுக்கும் வேலைக்கு மாதங்கள் தேவை. இச்சுழற்சி ஒருமுறை நிறைவுபெற மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். இடையில், இடித்ததற்கும் கட்டியதற்கும் நடுவே, எலும்பு முன்னைவிடச் சற்று நலிந்தே இருக்கும். ஒன்பது வாரம் முடிந்து உற்சாகம் உச்சத்தில் நிற்கும் நேரமும், கால் எலும்பில் சாரம் கட்டி வேலை நடக்கும் நேரமும் ஒன்றாகவே அமைகின்றன. கட்டடம் முடியுமுன் மாடியில் விருந்து வைத்தவர்கள் நாங்கள்.

பதின்மூன்று வாரக் கணக்கு

இப்போது இரட்டிப்புக் கேள்விக்கு வருவோம். வாரம் பத்து விழுக்காடு கூட்டுவட்டி எனக் கொண்டால் 72 விதிப்படி ஏழு வாரத்திற்குச் சற்று மேல் போதும். ஐந்து கிலோமீட்டர் எட்டாம் வாரம் பத்தைத் தாண்டிவிடும். ஆனால் கூட்டுவட்டியின் இயல்பு, காலம் செல்லச் செல்லத் தொகை பெரிதாவது. கடைசி வாரங்களில் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கூடும். கால்கள் மிகக் களைத்திருக்கும் வேளையில் மிகப் பெரிய பாய்ச்சல் கேட்பது நியாயம் ஆகாது.

எனவே நாங்கள் தனிவட்டியைத் தேர்ந்தோம். தொடக்க இருப்பான ஐந்து கிலோமீட்டரில் பத்து விழுக்காடு அரைக் கிலோமீட்டர். ஒவ்வொரு முறையும் அந்த அரைக் கிலோமீட்டரே. கூடுதலாக ஒரு மீட்டரும் இல்லை. முதல் வாரம் அது சரியாகப் பத்து விழுக்காடு. ஏழிலிருந்து ஏழரைக்குச் செல்லும்போது ஏழு விழுக்காடு. ஒன்பதரையிலிருந்து பத்துக்குச் செல்லும்போது ஐந்தே விழுக்காடு. தொலைவு வளர வளரச் சுமையின் விகிதம் தானே குறைகிறது.

ஒவ்வொரு நான்காம் வாரமும் இறக்கம். அவ்வாரம் தொலைவைக் குறைத்து உடலைத் தேற்றிக்கொள்ள வேண்டும். அதன்படி ஞாயிறு நீள் ஓட்டங்களின் வரிசை, கிலோமீட்டரில்:

முதல் நான்கு வாரங்கள்: 5.5, 6, 6.5, பின் 5.

அடுத்த நான்கு வாரங்கள்: 7, 7.5, 8, பின் 6.

அதற்கடுத்த நான்கு வாரங்கள்: 8.5, 9, 9.5, பின் 7.

பதின்மூன்றாம் வாரம்: 10.

பதின்மூன்று வாரம் என்பது 91 நாள். வங்கியின் ஒரு காலாண்டு. எலும்பின் ஒரு சுழற்சிக்கும் ஏறத்தாழ அதே காலம். தொடர் வைப்புக் கணக்கு வைத்திருப்போர் இதன் பொருளை எளிதில் உணர்வர். தவணை சிறியது, ஆனால் தவறாமல் செலுத்த வேண்டியது. ஒரே தவணையில் முழுத் தொகையையும் கட்டிவிட்டு முதிர்வுத் தேதியை முன்னால் இழுத்துக்கொள்ள அதில் வழியில்லை.

வாரத்தின் மற்ற இரு ஓட்டங்கள் 3 முதல் 4 கிலோமீட்டரிலேயே நிற்கட்டும். நீள் ஓட்டமும் குறு ஓட்டங்களும் ஒரே வாரத்தில் வளர வேண்டியதில்லை. செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று அமைத்துக்கொண்டால் இடையே ஒரு நாளேனும் ஓய்வு கிடைக்கும். ஓய்வு நாள்களில் இரண்டில், மாடிப்படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சியைச் செய்க. கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் வலுப்பெற இதைவிட மலிவான உடற்பயிற்சிக் கூடம் இல்லை.

உங்கள் தொடக்க இருப்பு நான்கு கிலோமீட்டர் எனில் முதலில் வாரத்திற்கு 400 மீட்டர் கூட்டி ஐந்தை அடைக. அதற்கு மூன்று வாரம் ஆகும். பிறகு மேற்கண்ட அட்டவணை.

வேகத்தை ஒத்திவைத்தல்

தொலைவையும் வேகத்தையும் ஒரே காலாண்டில் வளர்க்க முயல்வது, ஒரே சம்பளத்தில் இரு வீட்டுக் கடன் கட்ட முயல்வது போன்றது. இப்பதின்மூன்று வாரங்கள் தொலைவுக்கு மட்டும் உரியவை.

எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும்? பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியங்களில் பேச முடிய வேண்டும். ஒவ்வொரு சொல்லாக விட்டு விட்டுப் பேசுகிறீர்கள் எனில் வேகம் மிகுதி. எங்கள் குழுவில் இதற்கென ஒரு சோதனை வைத்தோம். கிளையில் அன்று நடந்த ஒரு நிகழ்ச்சியை ஒருவர் தடையின்றிச் சொல்லி முடிக்க வேண்டும். முடியாவிட்டால் அனைவரும் வேகத்தைக் குறைத்துக்கொள்வோம்.

மெதுவாக ஓடுவது முதியோர் வேலை என்று எண்ணுவோர்க்கு ஒரு வரலாற்றுச் செய்தி. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டு காலணித் தொழிலில் இருந்தவர். ஓட்டப் பயிற்சியாளராக உலகப் புகழ் பெற்றவர். 800 மீட்டர் வீரர்களையும் வாரம் 100 மைல் வரை நெடுந்தொலைவு ஓட வைத்து அடித்தளம் கட்டினார். 1960 செப்டம்பர் 2 அன்று ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர் பீட்டர் ஸ்நெல் 800 மீட்டரிலும், மற்றொரு மாணவர் மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றனர். அதே லிடியார்டுதான் இதயநோய் கண்ட நடுவயதினரையும் ஆக்லாந்தில் மெதுவோட்டத்தில் இறக்கியவர். 1962இல் அங்குச் சென்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பௌவர்மன் அதைக் கண்டு வியந்து தம் நாட்டிற்குக் கொண்டுசென்றார். இன்று நாம் ‘ஜாகிங்’ என்று வழங்கும் பழக்கம் உலகெங்கும் பரவியதில் இந்நிகழ்ச்சிக்குப் பெரும் பங்குண்டு.

நீள் ஓட்டத்தின் நடுவே நடப்பதும் இழுக்கன்று. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே, ஓட்டத்தின் இடையிடையே திட்டமிட்டு நடக்கும் முறையைப் புதியவர்களுக்குக் கற்பித்து வந்தார். களைத்தபின் நடப்பதைவிடக் களைக்குமுன் நடப்பது மேல் என்பது அதன் சாரம். எட்டு கிலோமீட்டரைத் தாண்டியபின், ஒவ்வொரு கிலோமீட்டர் முடிவிலும் ஒரு நிமிடம் நடந்தோம். கடைசிக் கிலோமீட்டரில் கால்கள் எங்கள் சொல்லைக் கேட்டன.

பெங்களூரின் பாதைகள்

நீள் ஓட்டத்திற்கு இடம் தேர்வதும் ஒரு பாடமே. இந்நகரின் நடைபாதைகள் உடைந்த பலகைகளுக்கும் தெருநாய்களுக்கும் பேர்போனவை. தொலைவு கூடும்போது கால்கள் தாழத் தூக்கப்படும். தடுக்கி விழும் வாய்ப்பும் கூடும். ஆதலின் பூங்காக்களே பாதுகாப்பு.

கப்பன் பூங்கா, மைசூரின் தலைமைப் பொறியாளர் ரிச்சர்டு சாங்கியின் முயற்சியால் 1870இல் உருவானது. இன்று ஏறத்தாழ 300 ஏக்கர் பரப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் உள்சாலைகளில் வாகனங்கள் அனுமதிக்கப்படாமையால், சிவப்பு வண்ண மாநில மத்திய நூலகத்தைச் சுற்றி வரும் மரநிழற் சாலைகள் ஓடுவோர்க்கு உரியவை ஆகின்றன. ஏற்ற இறக்கமும் மிகுதியில்லை. முதல் எட்டு வாரங்களுக்கு ஏற்ற இடம்.

லால்பாக் 1760இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம், 240 ஏக்கர். உள்ளே கெம்பே கௌடா கோபுரத்தைத் தாங்கி நிற்கும் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையுடையது. அப்பாறையில் ஓடி ஏறும் ஆசை எல்லோர்க்கும் வரும். ஏறுவது மூச்சைச் சோதிக்கும். இறங்குவதோ தொடையையும் முழங்காலையும் சோதிக்கும். தொலைவைக் கூட்டும் வாரத்தில் பாறையை நடந்து ஏறி, நடந்து இறங்குக.

கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நகரின் காலைக் குளிர்ச்சி ஓடுவோர்க்கு ஒரு கொடை. சென்னையிலோ தூத்துக்குடியிலோ வாழும் வாசகர்கள் இதே திட்டத்தைப் பின்பற்றும்போது, புழுக்கத்தை முன்னிட்டு வேகத்தை மேலும் குறைக்க வேண்டும். கடிகாரத்தைப் பொருட்படுத்த வேண்டாம். ஒரு மணி நேரத்தை ஒட்டிய ஓட்டத்திற்குத் தாகத்திற்கேற்ற தண்ணீர் போதும். விலையுயர்ந்த பானங்கள் தேவையில்லை.

பத்துக் கிலோமீட்டரைப் பந்தயமாக ஓட விரும்புவோர்க்குப் பெங்களூரு பெயர்பெற்ற ஊர். 2008 முதல் நடைபெற்று வரும், இன்று ‘டிசிஎஸ் வேர்ல்ட் 10கே’ எனப்படும் ஓட்டத்தில் உலக முன்னணி வீரர்களும் நம் போன்றோரும் ஒரே நாளில், ஒரே நகரின் சாலைகளில் ஓடுகின்றனர். அண்மை ஆண்டுகளில் அது ஏப்ரல் இறுதி ஞாயிற்றில் நிகழ்கிறது. குடியரசு நாளையொட்டித் தொடங்கினால் பதின்மூன்று வாரம் சரியாக அங்கே கொண்டுசேர்க்கும். வங்கியில் பணிபுரிவோர்க்கு இதில் ஓர் இடையூறு உண்டு. அது மார்ச் 31.

விட்டுப்போன தவணைகள்

ஆண்டிறுதிக் கணக்கு முடிக்கும் வாரங்களில் எங்களால் இரு ஞாயிறுகள் ஓட இயலவில்லை. உங்களுக்கு அது ஊர்த் திருவிழாவாகவோ, பிள்ளைகளின் தேர்வாகவோ, காய்ச்சலாகவோ இருக்கலாம். தவணை தவறுவது இயல்பு. அதன்பின் என்ன செய்கிறோம் என்பதில்தான் கால் தப்புகிறது.

விட்டுப்போன ஓட்டங்களைச் சேர்த்து ஓடி ஈடுகட்ட முயல வேண்டாம். ஒரு வாரம் விட்டிருந்தால் விட்ட இடத்திலேயே தொடரலாம். இரண்டு வாரம் எனில், கடைசியாக ஓடிய தொலைவிலிருந்து இரு படிகள் இறங்கி மீண்டும் ஏறுக. 30 நாள் கடந்துவிட்டால் பழைய இருப்பை மறந்து புதிய இருப்பைக் கண்டறிக. எங்கள் பதின்மூன்று வாரம் பதினாறு வாரம் ஆயிற்று. அதனால் ஏப்ரல் பந்தயத்தை விட்டுவிட்டோம். வருத்தம்தான், ஆனால் பந்தயம் அடுத்த ஆண்டும் வரும்.

வலியைப் படிக்கும் முறை

புதிய தொலைவில் தசை இறுக்கமும் சோர்வும் இயல்பு. இரு கால்களிலும் ஒத்து இருந்து, ஓரிரு நாளில் மறையுமானால் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு காலில் மட்டும் வருவது, ஓட ஓட வளர்வது, நடையை மாற்றுவது, இரவில் ஓய்விலும் நீடிப்பது ஆகியவை எச்சரிக்கைகள்.

கணைக்கால் எலும்பு வலிக்கு எங்கள் காசாளர் அம்மையாரின் மருத்துவர் ஓர் எளிய வழி கூறினார். விரலால் எலும்பின் ஓரமாக அழுத்திப் பாருங்கள். நீளவாக்கில் பரவலாக வலித்தால் பெரும்பாலும் எலும்புறையின் எரிச்சல், ஓய்வில் தணியும். ஒரு விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் குத்தினால் எலும்பில் நுண்கீறல் இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும். வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுவது, அபாய மணியின் கம்பியை அறுத்துவிட்டுப் பெட்டகத்தைப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

நாற்பதைக் கடந்தவர்களும், இரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் வரலாறு உள்ளவர்களும் தொலைவைக் கூட்டுமுன் மருத்துவரிடம் கலந்துகொள்ள வேண்டும். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நீள் ஓட்டத்தின்போதும் அதன் பின்னும் சர்க்கரை தாழக்கூடும். மருந்தின் அளவையும் உணவின் நேரத்தையும் அவர்கள் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். ஓடி முடித்தபின் பாதங்களைப் பார்க்கும் பழக்கமும் அவர்களுக்கு இன்றியமையாதது. நெஞ்சில் அழுத்தம், தலைச்சுற்றல், வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல் தோன்றினால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். திட்டமும் தோழர்களும் காத்திருப்பர்.

பேரேட்டின் கடைசி வரி

காசாளர் அம்மையார் திரும்பி வந்தது இரக்கத்தை எதிர்பார்த்தன்று. கோடிட்ட ஒரு நீள்நோட்டுடன் வந்தார். தேதி, தொலைவு, கடந்த 30 நாளின் மிக நீண்ட ஓட்டம், இன்று அனுமதிக்கப்பட்ட எல்லை, கால் வலி உண்டா இல்லையா என ஐந்து பத்திகள். “காசு எண்ணும்போது ஒரு ரூபாய் கூடினாலும் கணக்கை முடிக்க விடமாட்டேன். இனி ஓட்டத்திலும் அப்படித்தான்” என்றார். ஐவரும் கையொப்பமிட்ட பிறகே ஓட்டம் தொடங்கும் என்பது அவர் விதித்த விதி. எல்லையைத் தாண்ட எண்ணியவர் எங்களுள் எவராயினும் அந்த நோட்டு கண்முன் நீட்டப்பட்டது.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில், நாங்கள் தவறிழைத்த அதே கப்பன் பூங்காவில், அதே சாலைகளில் அவர் பத்துக் கிலோமீட்டரை நிறைவு செய்தார். 1 மணி 24 நிமிடம். மற்ற நால்வரும் அவருடைய வேகத்திலேயே ஓடினோம். முன்னால் செல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. திங்கட்கிழமை அவர் வழக்கம்போல் நடந்து வந்து காசறையைத் திறந்தார். செவ்வாயன்றும் நொண்டவில்லை. வலி குறித்த பத்தியில் ‘இல்லை’ என்று எழுதி, அடியில் கோடிட்டுக் கணக்கை முடித்தார்.

பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பித் தொடக்க இருப்பு என்று எழுதி 10 என நிரப்பினார். அரை மாரத்தான் 21.1 கிலோமீட்டர். தனிவட்டியில் எத்தனை வாரம் என்று நாங்கள் மனக்கணக்குப் போடுமுன், “முதலில் ஒரு மாதம் இதே பத்திலேயே இருப்போம்” என்று சொல்லிவிட்டார்.

நினைவில் கொள்ள

1. கடந்த 30 நாள்களின் மிக நீண்ட ஓட்டமே உங்கள் இருப்பு.

2. எந்த ஒரு தனி ஓட்டமும் அவ்விருப்பைப் பத்து விழுக்காட்டிற்கு மேல் தாண்டலாகாது.

3. ஒவ்வொரு நான்காம் வாரமும் தொலைவைக் குறைத்து ஓய்வளிக்க.

4. பேசிக்கொண்டே ஓட இயலும் வேகமே சரியான வேகம்.

5. விட்ட ஓட்டத்தைச் சேர்த்து ஓடி ஈடுகட்ட வேண்டாம்.

6. ஒரே புள்ளியில் குத்தும் வலி, நெஞ்சு அழுத்தம் எனில் நிறுத்துக, மருத்துவரை நாடுக.

7. உடன் ஓடுபவர் நொண்டினால், அவரைத் தேற்றி ஓட வைக்க வேண்டாம். அவருடன் நடந்து வீடு திரும்புக.